தோட்டப்புறத்திலிருந்து ஒரு காலாண்டிதழ்: அனுமதி, அச்சு, விநியோகம் பற்றி

கேள்வி (மலேசியா, சுங்கை சிப்புட் வாசகர்):
சுற்றுவட்டாரத் தோட்டங்களைப் பற்றிய கதை, கவிதை, பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தில் பால் எடுத்த) பெரியவர்களின் நேர்காணல் ஆகியவற்றைத் தாங்கிய காலாண்டிதழ் ஒன்றைக் கொண்டுவர நாங்கள் சிலர் எண்ணியிருக்கிறோம். 40 பக்கம், 300 பிரதி. கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் இலவசமாகக் கொடுப்பதே திட்டம். இலவச இதழுக்கும் உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டுமா? இணையத்தில் போட்டால் போதும் என்கிறார்கள் இளையவர்கள். ஆனால் நாங்கள் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் தாளில் வந்தால்தான் படிப்பார்கள்.

பதில் 1 (முன்னாள் அச்சக ஊழியர்):
வேண்டும் ஐயா. விலைக்கு விற்றாலும் சும்மா கொடுத்தாலும், தவறாமல் வந்தாலும் நினைத்தபோது வந்தாலும், பருவ இதழ் எதுவாயினும் 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றாக வேண்டும். முன்பு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, மீட்டுக்கொள்ளப்படும்வரை அனுமதி செல்லும். நூலுக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பதால், நேர்காணல்களை மட்டும் முதலில் ஒரு தொகுப்பு நூலாக்கி, தேசிய நூலகத்திடம் ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண் பெற்று வெளியிடுவதே என் ஆலோசனை. ஆனால் நூல் என்று சொல்லிக்கொண்டு அதே தலைப்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விட்டால் அது இதழ்தான். எதை அச்சிட்டாலும் அச்சகத்தார், வெளியிடுவோர் ஆகியோரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும்.

பதில் 2 (பக்க வடிவமைப்பாளர்):
300 பிரதிக்கு, தகடு (பிளேட்) செய்து அச்சிடும் ஆஃப்செட் முறை கட்டுப்படியாகாது. பிளேட் செலவும் இயந்திரத்தை ஆயத்தப்படுத்தும் செலவும் 300க்கும் 3000க்கும் ஒன்றே. ஆகவே பிளேட் இல்லாமல் கணினிக் கோப்பிலிருந்து நேரே அச்சிடும் டிஜிட்டல் அச்சுக்கே போங்கள். நடுவில் பின் அடிக்கும் இதழாதலால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், 40 பொருந்துகிறது.

உண்மையான தலைவலி எழுத்துருவில்தான் இருக்கிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் வழக்கமான பத்தி அமைப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால், ‘தோட்டம்’ என்பதில் தகரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னே போய் நின்றுவிடும். அதே மென்பொருளில் உள்ள வேர்ல்ட்-ரெடி (World-Ready) பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். திரையில் பார்த்தது போதும் என்று விடாமல், தாளில் ஒரு பிரதி எடுத்துக் கொம்புகளையும் கால்களையும் ஒருவர் விரல் வைத்துச் சரிபார்க்கட்டும். முடிந்தால் அந்தக் கட்டுரையை எழுதாத ஒருவர்.

பதில் 3 (இதழ் விநியோகத்தில் இருந்தவர்):
இலவசம் என்ற முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கோயில் மேசையில் அடுக்கி வைக்கப்படும் இலவச இதழ் யார் கைக்குப் போனது என்பதே தெரியாது. மூன்று வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியவரோ அடுத்த இதழ் எப்போது வரும் என்று கேட்பார். நாளிதழ் முகவர்களை நம்பியும் இறங்க வேண்டாம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுவிட்ட காலம் இது. சென்னையில் 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, நூல்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளில் விற்றவர்.

இளையவர்கள் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். மலேசியத் தமிழ் இலக்கிய இதழான ‘வல்லினம்’ 2007இல் அச்சிதழாகத் தொடங்கி, பிறகு இணையத்துக்கு மாறித் தொடர்ந்தது. எனினும் நேர்காணல் தந்த பெரியவர்களில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்குரிய பிரதிகளை முகவரியோடு முதலிலேயே ஒதுக்கிவிட்டு, ஆண்டுச் சந்தா எவ்வளவு சேர்கிறது என்று பார்த்த பிறகு அச்சுப் பிரதியின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். 300 அதிகமாகக்கூட இருக்கலாம்.