தியானத்தில் உட்கார்ந்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

முதலில் என் கதை. இரண்டு வருடமாக விடியற்காலையில் அரை மணி நேரம் உட்காருகிறேன். எட்டாவது மாதம் ஒரு நாள் எண்ணமே இல்லை, உடம்பு இருப்பதே தெரியவில்லை. கண் திறந்தால் ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. ஆகா, பிடித்துவிட்டோம் என்று பூரித்துப்போய் மனைவியிடம் சொன்னேன். "அப்படியா? குறட்டை அடுத்த அறை வரைக்கும் கேட்டதே" என்றாள்.

குறட்டை இல்லாத நாளும் உண்டு என்று வாதாடிப் பார்த்தேன். ஆனாலும் உறுத்தியது. அவ்வளவு அமைதியிலிருந்து எழுந்து பத்தே நிமிடத்தில் மகனிடம் எரிந்து விழுகிறேனே!

லயம் வேறு, நாசம் வேறு என்று ரமணர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மூச்சைக் கட்டினால் மனம் ஒடுங்கும். ஆனால் லயத்தில் ஒடுங்கியது திரும்பவும் எழும், நாசத்தில் அழிந்தது எழாது. அவர் ஒரு கதை சொல்வார். கங்கைக் கரையில் ஒரு யோகி, சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டுச் சமாதியில் ஆழ்ந்தார். காலம் எவ்வளவோ ஓடியது. கண் விழித்ததும் கேட்டாராம்: "தண்ணீர் எங்கே?" என் மகன் விஷயமும் அந்தத் தண்ணீர்தான்.

அப்புறம் எண்ணத்தை விரட்டுவதை விட்டுவிட்டு, "இது யாருக்கு வந்தது?" என்று கேட்க ஆரம்பித்தேன். 1902 வாக்கில், மௌனத்தில் இருந்த ரமணர் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பருக்கு எழுதிக் காட்டிய வழி. மூன்று மாதம் அதை மந்திரம் மாதிரி ஜபித்து வீணடித்தேன். பதில் வார்த்தையாக வருவதில்லை. கவனம் ஒரு நொடி உள்பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு?

மறுமொழி 1

எனக்கு நேர் எதிர், அமைதியே கிடைத்ததில்லை. பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போயிருந்தேன். காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். பேச்சு கிடையாது, பேனாகூடக் கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கு வாசலில் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பிற்பாடு ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்காரச் சொன்னார்கள். நாற்பதாவது நிமிடம் இடது முட்டி தீயாக எரிந்தது. அந்த வலியோடு, என்ன தொடர்போ தெரியவில்லை, பதினைந்து வருடம் முன்பு அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை எழுந்து வந்தது. நகரவும் முடியாது, யாரிடமும் புலம்பவும் முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எரிச்சல் சின்னச் சின்னத் துடிப்பாக உடைந்தது, கூடவே கோபமும். முட்டி வலி இன்னும் இருக்கிறது. வீடு திரும்பியதும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

மறுமொழி 2

ஒளி தெரிந்தது, நாதம் கேட்டது என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். ஆறு வருடத்தில் நான் கண்டது கொட்டாவி. யாராவது சீண்டினால் பதில் பேசுவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. அது கணக்கில் சேருமா?

முதலில் எழுதியவர்

சேரும் என்றுதான் நினைக்கிறேன். நேற்று மகனிடம், "அப்பா இப்போ பரவாயில்லையாடா?" என்று கேட்டேன். "இப்பல்லாம் கொஞ்ச நேரம் சும்மா நிக்கிறீங்க. அப்புறம்தான் கத்துறீங்க" என்றான்.