மண்டப புக்கிங் மென்பொருள் மார்கழி 30-ஐ தை 1 என்று காட்டிவிட்டது. தமிழ்த் தேதியை எப்படிக் கையாளுகிறீர்கள்?

பெரியதெரு

வணக்கம். திருவல்லிக்கேணியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் என் அப்பா 28 வருஷமாக மேனேஜர். புக்கிங் எல்லாம் ஒரு நீள நோட்டில்தான். முதலில் கிழமையை எழுதுவார், அப்புறம் இங்கிலீஷ் தேதி நீல மையில், தமிழ்த் தேதி சிவப்பு மையில். போன வருஷம் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். அதனால் ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் க்யூட்டி (Qt) என்ற மென்பொருள் எழுதும் கருவித்தொகுப்பில் ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. மண்டபத்தில் நெட் கிடையாது. எல்லாமே அந்தப் பெட்டிக்குள் நடந்தாக வேண்டும்.

ஒருவர் வந்து "ஆவணி 13 காலியா இருக்கா, வளர்பிறை முகூர்த்தம்" என்பார். வாலாஜா பள்ளிவாசல் பக்கமிருந்து வருகிறவர் "ஷவ்வால் பிறை பத்துக்கு மேல ஏதாவது ஞாயிறு இருந்தா சொல்லுங்க" என்பார். சங்கக் கூட்டம் வைக்கிறவர் "செப்டம்பர் 6" என்பார். மூவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள். கம்ப்யூட்டரோ நாடு எது, மொழி எது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே காலண்டரைக் காட்டுகிறது.

தமிழ் மாதம் எனக்கு வெறும் அலங்காரம் இல்லை, வாடகையே அதை வைத்துத்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது என்பதால் பாதி வாடகை. சூரியன் எந்த ராசியில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அஸ்தமனத்துக்கு முன் ராசி மாறினால் அன்றே மாதப் பிறப்பு, பின்னால் மாறினால் மறுநாள் என்று கோடு (நிரல்) எழுதினேன். 2022 முதல் 2025 வரை பொங்கல் தேதிகளை வைத்துச் சோதித்தேன். 14, 15, 15, 14. நாலும் சரி. நிம்மதியாக இருந்தேன்.

இந்த வருஷம் ஜனவரி 14, போகியன்று, எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மண்டபத்தில் மார்கழிக் கோலப்போட்டி வைத்தார்கள். என் மென்பொருள் அன்றைக்கு தை 1 என்று காட்டி முழு வாடகை போட்டு ரசீது அடித்துவிட்டது. அவர்கள் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார்கள். மார்கழி 30. அப்பா மன்னிப்புக் கேட்டு 9,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அந்த நீள நோட்டு மறுபடி மேஜைக்கு வந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தமிழ் காலண்டர் உள்ள லைப்ரரி, அதாவது யாராவது ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் தொகுப்பு, ஏதாவது இருக்கிறதா? டேட்டாபேஸில் எந்தத் தேதியைச் சேமிப்பது? ஹிஜ்ரியை எப்படிக் காட்டுவது? இன்னும் இரண்டு சின்னக் குறைகள்: ரசீதில் மாதப் பெயர் "பிப", "மார", "ஜூல" என்று வருகிறது. காலை நாலரை மணி முகூர்த்தம் "முற்பகல் 4:30" என்று அச்சாகிறது. அப்படி யாருமே பேசுவதில்லை.

பல்லாவரம்

சின்னக் குறைகளை முதலில் முடித்துவிடலாம், மேடம். நீங்கள் மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்தை வெட்டுகிறீர்கள். யூனிகோடில் "பி" என்பதே இரண்டு குறிகள். மூன்றாவதாக "ப" வந்ததும் வெட்டுவதால் புள்ளி கீழே விழுந்துவிடுகிறது. எப்போதும் வெட்டாதீர்கள். சிஎல்டிஆர் என்ற யூனிகோடு தரவில் பிப்., மார்., ஜூலை என்று தமிழுக்கான சுருக்கங்கள் தயாராக இருக்கின்றன. அதிலேயே காலை, மதியம், மாலை, இரவு என்று நாளின் பொழுதுகளும் உண்டு. அந்தத் தரவை எடுத்துத் தரும் ஐசியூ (ICU) லைப்ரரி வழியாக எடுக்கும்போது நேர வடிவத்தில் "ஏ" (a) குறிக்குப் பதில் பெரிய "பி" (B) குறியைப் போட்டால் 4:30-க்கு "அதிகாலை" வரும்.

காலண்டருக்கு வருவோம். க்யூட்டியில் 5.14 பதிப்பிலிருந்து காலண்டருக்கென்று தனி நிரல் வகுப்பு (class) உண்டு. கிரிகோரியன், ஜூலியன், மிலாங்கோவிச், ஈரானின் ஜலாலி, கணக்குவழி இஸ்லாமியக் காலண்டர், இவ்வளவுதான். நாமே ஒன்றைச் சேர்ப்பதற்கான பகுதி உள்பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டது, அதில் கை வைத்தால் அடுத்த பதிப்பில் உடையும். ஐசியூவில் "இந்தியன்" என்று ஒன்றைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். நானும் ஒருமுறை அதை எடுத்து ஒரு வாரம் வீணாக்கினேன். அது சக ஆண்டு. மேகநாத் சாஹா தலைமையிலான குழு பரிந்துரைத்து, 1957 மார்ச் 22 முதல் மத்திய அரசு கிரிகோரியனோடு சேர்த்துப் பயன்படுத்துவது. அதன் சைத்ர மாதம் மார்ச் 22-ல் பிறக்கும், லீப் ஆண்டில் 21. நம் சித்திரை ஏப்ரல் 14 வாக்கில் பிறப்பது. இரண்டுக்கும் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி.

சேமிப்பதற்கு எந்தக் காலண்டரும் வேண்டாம், நாட்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போகும் ஜூலியன் நாள் எண் என்ற ஒரே முழு எண் போதும். க்யூட்டியின் தேதி வகையே உள்ளுக்குள் அதைத்தான் வைத்திருக்கிறது. திரையில் வழக்கமான மாதக் கட்டத்தை அப்படியே விட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் வரையும் "பெயின்ட்செல்" என்ற செயலை மட்டும் மாற்றி எழுதி, மூலையில் தமிழ்த் தேதியைச் சிவப்பில் போடுங்கள். உங்கள் அப்பாவின் நோட்டு ஏற்கெனவே அப்படித்தானே இருக்கிறது.

பாரிமுனை

நான் 19 வருஷமாகத் தினசரி காலண்டருக்கு விவரம் கோக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கோடில் தப்பு இல்லையம்மா. நீங்கள் போட்டது திருக்கணிதம், சுவரில் தொங்கியது வாக்கியம்.

திருக்கணிதம் இன்றைய வானியல்படி கணிப்பது. 2026 ஜனவரி 14 பிற்பகல் 3 மணி வாக்கிலேயே சூரியன் மகரத்துக்குப் போய்விட்டது, அஸ்தமனத்துக்கு முன். ஆகவே உங்கள் மென்பொருள் அன்றே தை என்றது. வாக்கியம் பரம்பரை வாய்பாட்டின்படி வருவது. அதில் ஆண்டின் நீளம் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை, அதாவது 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 30 விநாடி. இன்றைய அளவைவிட மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம். இரண்டு கணக்கிலும் ராசி மாறும் நேரம் சில மணி முன்னே பின்னே இருக்கும். அந்த இடைவெளிக்குள் அஸ்தமனம் வந்து விழுந்தால் மாதமே ஒரு நாள் தள்ளிப்போகும். 2022 முதல் 2025 வரை அப்படி விழவில்லை, உங்கள் சோதனை தேறிவிட்டது. இந்த வருஷம் விழுந்தது. தமிழ்நாட்டில் பொங்கல் ஜனவரி 15-ல்தான் கொண்டாடினோம், அரசு விடுமுறையும் அன்றுதான்.

இந்தக் கணக்கு நம் ஊரில் புதிதும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன், தமிழ்ச் சூரிய ஆண்டைக் கணிக்கும் முறையை விளக்கி 1825-லேயே இங்கே அச்சிட்டிருக்கிறார். நீங்களும் வாக்கியத்தைக் கோடாக எழுதலாம். ஆனால் மண்டபத்துக்கு அது வேண்டாம் என்பேன். வருகிறவர் கையில் அச்சடித்த பஞ்சாங்கம் இருக்கும், அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்குத் தேதி. ஆண்டுக்கு 12 மாதப் பிறப்பு. பத்து ஆண்டுக்கு 120 எண்கள். பழையவற்றை உங்கள் அப்பா பார்க்கும் பஞ்சாங்கத்திலிருந்தே பார்த்து அட்டவணையாக ஏற்றுங்கள், புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அடுத்த 12-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதங்கள் 29 நாள் முதல் 32 நாள் வரை போகும், ஆகையால் "மாதம் 31-க்கு மேல் இருக்காது" என்று எங்காவது சோதனை எழுதியிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். ஆனி 32 வரும் ஆண்டில் மாட்டும். சித்திரை எப்போதும் ஏப்ரல் 14 என்றும் பூட்டிவைக்காதீர்கள். வாக்கிய ஆண்டு கிரிகோரியனைவிட நீளம் என்பதால் சுமார் 60 ஆண்டுக்கு ஒரு நாள் நகரும்.

ஆண்டின் பெயர் தனிக் கதை. விசுவாவசு, பராபவ என்ற 60 பெயர்கள் சித்திரையில் மாறும். இப்போதைய சுற்று 1987-ல் பிரபவவில் தொடங்கியது. திருவள்ளுவர் ஆண்டு தையில் மாறும், கிரிகோரியனோடு 31 கூட்ட வேண்டும், தை 1-லிருந்து. மாதம் ஒன்றுதான், அதன் மேல் ஆண்டுக் கணக்கு இரண்டு. ஆண்டையும் மாதத்தையும் ஒரே பொருளாக வைத்தால் இங்கே சிக்கிக்கொள்வீர்கள்.

பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். அதிகாலை 4:30 அங்கே முந்தின நாளோடு சேரும். கல்யாணப் பத்திரிகையிலோ புது நாளைத்தான் போடுவார்கள். ரசீதில் பத்திரிகை வழக்கத்தையே பின்பற்றுங்கள்.

ராயப்பேட்டை

ஹிஜ்ரி பற்றி. எந்த லைப்ரரி கொடுக்கும் தேதியையும் உறுதியாகக் காட்டாதீர்கள், சகோதரி. இங்கே பிறை பார்த்து, தலைமை காஜி அறிவித்த பிறகுதான் மாதம். சவூதியின் உம்முல் குரா அட்டவணைப்படி 2025 ஷவ்வால் முதல் பிறை மார்ச் 30. நாம் பெருநாள் தொழுதது மார்ச் 31. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரல் தொகுப்பில் உள்ள ஹிஜ்ரி காலண்டரில் இரண்டு நாள் வரை கூட்டிக் குறைக்க ஒரு அமைப்பே வைத்திருக்கிறார்கள். நீங்களும் அறிவிப்பு வந்ததும் உங்கள் அப்பா ஒரு பட்டனில் மாதப் பிறப்பைத் திருத்துகிற மாதிரி வையுங்கள். அதுவரை தேதிக்குப் பக்கத்தில் "உத்தேசம்" என்று போடுங்கள். இன்னொன்று, மஃரிபுக்கு, அதாவது சூரியன் மறைவதற்கு, பிறகு அடுத்த பிறை ஆரம்பமாகிவிடும். இரவு விருந்துக்கு பிறையை மட்டும் சொன்னால் எந்த இரவு என்று கேட்டுவிடுங்கள்.

ஈப்போ

மண்டபத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்கிறேன். மொழி தமிழ் என்றதும் 1,00,000 என்று இந்திய முறையில் காற்புள்ளி போடும் மென்பொருளை இங்கே மலேசியாவில் அடிக்கடி பார்க்கிறோம். நாங்கள் 100,000 என்றுதான் எழுதுகிறோம். தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை, தமிழ் மலேசியா, தமிழ் சிங்கப்பூர் என்று சிஎல்டிஆரில் நான்கு தனித்தனியாக இருக்கின்றன. யாராவது உங்கள் கோடை எடுத்து இங்கே பயன்படுத்தும் நாள் வரலாம், நாட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

பெரியதெரு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, செய்ததைச் சொல்கிறேன்.

கணக்குப் போடும் கோடை எடுத்துவிட்டேன். அப்பா பழைய பஞ்சாங்கங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் மாதப் பிறப்பைப் படிக்க நான் ஏற்றினேன். நான் ஏற்றியதை அவர் மறுபடி கிழமையோடு சரிபார்த்தார். இரண்டு இடத்தில் என் விரல் தவறியிருந்தது, இரண்டையும் கிழமை பொருந்தவில்லை என்றுதான் பிடித்தார். அப்போதுதான் அவர் நோட்டில் ஏன் கிழமையை முதலில் எழுதுகிறார் என்று கேட்டேன். "தேதிய ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமைன்னா எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைதான்" என்றார்.

அதனால் புக்கிங் திரையில் முதல் பெட்டி இப்போது கிழமை. வாடிக்கையாளர் எந்தக் காலண்டரில் சொன்னாலும் தேதியோடு கிழமையையும் கேட்டு ஏற்றுகிறோம், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சேமிக்காது. டேட்டாபேஸில் நாள் எண் ஒன்று, அவர் சொன்ன தேதி அவர் சொன்னபடியே ஒன்று, எந்தப் பஞ்சாங்கம் என்பது ஒன்று. திருக்கணிதம் பார்க்கிற குடும்பங்களும் வருவதால் அதற்கும் ஒரு அட்டவணை வைத்தேன். இரண்டும் வேறுபடும் நாட்களில் கட்டத்தின் ஓரம் மஞ்சளாகும்.

ரசீதில் பத்திரிகை வரியையே எடுத்துக்கொண்டேன்: "விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 13ஆம் நாள் (29.08.2025) வெள்ளிக்கிழமை". இத்தனை நாள் நான் தேடிய வடிவம் வீட்டில் அலமாரி முழுக்கக் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளிலேயே இருந்திருக்கிறது.

பாரிமுனை ஐயா சொன்ன நாள் பிறப்பு விஷயத்தில் அப்பா இன்னொன்றும் சொன்னார். மண்டபத்துக்கு நாள் என்பது முந்தின நாள் சாயங்காலம் 4 மணிக்கு வரவேற்புக்குச் சாவி கொடுப்பதில் ஆரம்பித்து, மறுநாள் மத்தியானம் 3 மணிக்குப் பாத்திரம் எண்ணி முடிப்பதில் முடிகிறது. எந்தக் காலண்டரிலும் இல்லாத நாள் அது. புக்கிங்கை இப்போது அந்த இரண்டு நேரங்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன், தேதிகள் வெறும் காட்சிக்கு.

உத்தேசம் என்ற சொல்லையும் திருத்தும் பட்டனையும் ஹிஜ்ரிக்கு வைத்தாகிவிட்டது. கோலப்போட்டி வைத்தவர்கள் அடுத்த மார்கழிக்கு இப்போதே நாள் கேட்டு வந்தார்கள். அப்பா திரையில் பார்த்துச் சொன்னார். நோட்டு இன்னும் மேஜையில்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அவர் அதைத் திறக்கவில்லை.