வெனிஸின் பதின்மர் சபையைக் கட்டுப்படுத்தியவர் யார்?

வெள்ளவத்தை வாசகன்:
எங்கள் வாசிப்பு வட்டத்தில் இம்மாதம் வெனிஸ் குடியரசைப் பற்றிப் பேசினோம். தனியொருவர் கையில் அதிகாரம் குவிந்துவிடக் கூடாதென்று அஞ்சி, டோஜ் எனும் ஆட்சித் தலைவரைத் தெரிவுசெய்வதற்கே திருவுளச்சீட்டையும் வாக்கெடுப்பையும் மாறி மாறிக் கையாண்ட ஒரு குடியரசு, இரகசியமாக விசாரித்து மரண தண்டனை வரை விதிக்கக்கூடிய பதின்மர் சபையை, தான் வீழ்ந்த 1797 வரை எவ்வாறு பொறுத்துக்கொண்டது? மேன்முறையீட்டுக்கு இடமில்லாத அச்சபைக்குக் கடிவாளம் ஏதேனும் இருந்ததா?

கொட்டாஞ்சேனையான்:
இருந்தது. 1310இல் பயமொந்தே தியெப்பொலோ என்ற பிரபு ஆட்சியைக் கவிழ்க்கச் செய்த சதி முறியடிக்கப்பட்டபோது, சதிகாரரைக் கண்காணிக்கத் தற்காலிகமாகவே அச்சபை அமைக்கப்பட்டது. தவணை தவணையாக நீடிக்கப்பட்டு 1335இல் நிரந்தரமாயிற்று. (இலங்கையில் மாதந்தோறும் அவசரகாலச் சட்டம் நீடிக்கப்பட்டதைக் கண்ட நமக்கு இது புதிதன்று.) பிரபுக்களின் பெரும் சபை அப்பத்துப் பேரையும் ஓராண்டுக்கு மட்டுமே தெரிவுசெய்தது. பதவி முடிந்தவர் உடனே மீண்டும் அமர முடியாது. ஒரே குடும்பத்தில் இருவர் இருக்கவும் முடியாது. அவர்களுள் மூவர் மாதத்துக்கு மாதம் மாறும் தலைவர்கள். டோஜும் அவருடைய ஆறு ஆலோசகர்களும் கூடவே அமர்ந்ததால், பதின்மர் என்பது நடைமுறையில் பதினெழுவர்.

பம்பலப்பிட்டி மாணவி:
ஐயா கூறும் விதிகள் ஆட்களைத்தான் கட்டுப்படுத்தின, சபையை அல்ல. ஆட்கள் ஆண்டுதோறும் மாறினாலும் அதிகாரம் வளர்ந்துகொண்டே போயிற்று. 1355இல், ஆட்சியைக் கவிழ்க்கச் சதிசெய்த டோஜ் மரினோ ஃபாலியேரையே இச்சபை தலைவெட்டிக் கொன்றது. டோஜ்களின் உருவப்படங்கள் வரிசையாக உள்ள மண்டபத்தில் அவருடைய இடத்தில் முகம் கிடையாது. குற்றங்களுக்காகத் தலை வெட்டப்பட்டவரின் இடம் இது என்ற இலத்தீன் வாசகம் தாங்கிய கறுப்புத் துணியே தீட்டப்பட்டுள்ளது. சதியேதும் செய்யாத பிரான்செஸ்கோ ஃபொஸ்காரியையும், முப்பத்து நான்கு ஆண்டுகள் டோஜாக இருந்தபின், 1457இல் பதவி விலக வைத்தார்கள். சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

கொட்டாஞ்சேனையான்:
ஃபொஸ்காரி விடயத்தில் நான் வாதாட வரவில்லை, தங்கச்சி. ஆனால் சபையையே அடக்கிய சந்தர்ப்பமும் உண்டு. பதின்மரோடு கூடுதலாக அமர்ந்த ‘சொந்தா’ என்ற குழுவின் துணையோடு, நிதியும் வெளியுறவும் செனற்றை மீறி இவர்கள் கைக்குப் போயிருந்தன. 1582இல் பெரும் சபை அந்தக் குழுவுக்கு உறுப்பினர்களைத் தெரிவுசெய்ய மறுத்துவிட்டது. வாளெடுக்காமல், வாக்களிக்காமலேயே அதிகாரத்தை வெட்டினார்கள்; அப்பொறுப்புகள் செனற்றுக்குத் திரும்பின. அரசின் பாதுகாப்பு தொடர்பான விசாரணை மட்டும் கடைசி வரை பதின்மரிடமே இருந்தது. 1539இல் ஏற்படுத்தப்பட்ட மூன்று அரச விசாரணையாளர்களுள் இருவரும் அவர்களிடமிருந்தே வந்தவர்கள்.