லேட் ஷிஃப்ட்: நமக்காக நிற்காத படம்

நடிகர்களை வைத்துப் படமாக எடுத்து, கதையின் போக்கை ஆடுபவர் கையில் விட்டுவிடும் விளையாட்டுகளில் நான் முதலில் ஆடியது லேட் ஷிஃப்ட். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கன்ட்ரோல் மூவி நிறுவனத்தின் படைப்பான இது, 2016இல் கைப்பேசிச் செயலியாக வெளிவந்து, 2017இல் கணினிக்கும் பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளுக்கும் வந்தது. டோபியாஸ் வெபர் இயக்கிய இக்கதை லண்டனில் நடக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் இரவு வேலை பார்க்கும் மேட் என்ற மாணவன், துப்பாக்கி முனையில் மிரட்டப்பட்டு, ஏலக்கூடத்திலிருக்கும் விலையுயர்ந்த சீனக் கிண்ணத்தைக் கொள்ளையடிக்கத் திட்டமிடும் கும்பலிடம் சிக்கிக்கொள்கிறான்.

180 தேர்வுகள், 7 முடிவுகள் என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் இதை வாங்கினேன். ஆனால் ஆடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே அந்த எண்கள் மறந்துபோயின. இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் தேர்வு கேட்கும்போது காட்சி உறைந்து நிற்கும். இதிலோ மேட்டின் எதிரே நிற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் இரண்டு மூன்று சொற்கள் தோன்றுகின்றன, சில நொடிகளுக்குள் நாம் எதையும் தொடாவிட்டால் விளையாட்டே ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒட்டுப்போட்ட தடம் தெரியாமல் மேலே போய்விடுகிறது. உண்மையைச் சொல்வதா, மழுப்புவதா என்று நான் எடைபோட்டு முடிப்பதற்குள் பேச்சு என்னைக் கடந்துபோன இடங்கள் பல. திகில் கதைக்கு வேண்டிய பதற்றம் துப்பாக்கியைவிட இந்தச் சில நொடிகளில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பின்னர் ஒரு விடுமுறை நாளில் அத்தை மகன்களோடு சேர்ந்து ஆடினோம். திரையரங்குகளில் இதைக் காட்டியபோது பார்வையாளர்கள் கைப்பேசியில் வாக்களிக்க, பெரும்பான்மை விரும்பிய வழியில் கதை நகர்ந்தது. எங்கள் வீட்டிலோ கன்ட்ரோலர் யார் கையில் இருந்ததோ அவர் வைத்ததே சட்டம். விளையாட்டுப் பக்கமே வராத அத்தைகூட அடுக்களையிலிருந்து வந்து நின்று, “அந்தப் பிள்ளையை ஓடிப்போகச் சொல்லுடா” என்று அதட்டினார். (அத்தையின் பேச்சைக் கேட்டிருந்தால் கொள்ளையே நடந்திருக்காது, கதையும் அங்கேயே முடிந்திருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன்.)

ஆனால் மறுமுறை ஆடும்போது இதன் தையல் கண்ணில் படத் தொடங்குகிறது. தொடக்கத்தில் தப்பிக்கப் பார்த்தாலும் பணிந்துபோனாலும் மேட் அந்தக் கும்பலிடம்தான் போய்ச் சேருகிறான். வெளிவந்த காலத்தில் ஏற்கெனவே பார்த்த காட்சிகளைத் தாண்டிச் செல்லும் வசதியும் இல்லாததால், ஒரு புதிய கிளையைக் காண்பதற்காகப் பழைய காட்சிகளை எல்லாம் பொறுமையாக மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது. இதற்காகப் படைப்பாளிகளை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். இரண்டு வழிகள் கொண்ட பத்துத் தேர்வுகள் எங்குமே ஒன்றுசேராமல் பிரிந்துகொண்டே போனால் 1,024 தனித்தனிப் பாதைகளைப் படம்பிடிக்க வேண்டும். அந்தச் செலவை எந்தத் தயாரிப்பாளர் தாங்குவார்? 1967இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியக் கூடத்தில் ராதூஸ் சின்செரா காட்டிய கினோஆட்டோமாட் படத்திலும் இதே உத்திதான். பார்வையாளர்கள் பொத்தானை அழுத்தி எந்தப் பக்கம் வாக்களித்தாலும், கிளைகள் மீண்டும் ஒன்றுசேர்ந்து, கட்டடம் தீப்பற்றி எரியும் ஒரே முடிவுக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

இதற்கு மாறான அனுபவத்தை எனக்குத் தந்தது, பாரிஸின் குவான்டிக் டிரீம் நிறுவனம் உருவாக்கி 2010இல் வெளிவந்த ஹெவி ரெயின் என்ற விளையாட்டு. அதில் நடிகர்களின் முகங்களும் அசைவுகளும் கணினி உருவங்களாக மாற்றப்பட்டிருக்கின்றன. முதன்மைப் பாத்திரங்கள் நால்வரில் யார் இறந்தாலும் ஆட்டம் மறுபடி தொடங்குவதில்லை. இறந்தவர் இல்லாமலேயே கதை தொடர்கிறது. கடத்தப்பட்ட மகனை மீட்பதற்காகத் தந்தை தன் விரலை ஐந்து நிமிடங்களுக்குள் தானே வெட்டிக்கொள்ள வேண்டிய கட்டத்தில், கருவியைத் தேடி அந்த அறையில் அவரை நடக்கவிடுவதும், மூச்சைச் சீராக்கவைப்பதும் நாம்தான். அந்தக் காட்சியை நான் தனியாக இருந்தபோதுதான் ஆடினேன். அத்தை இருக்கும் வீட்டில் அதை ஓடவிட எனக்குத் துணிவில்லை. நாலு பேர் கூடிக் கூச்சல் போட்டு ஆட லேட் ஷிஃப்டையே எடுத்து வைப்பேன், அதுவும் அவர்கள் இதற்கு முன் பார்க்காதவர்களாக இருந்தால் மட்டும்.