புதுப்பிப்பு: இளைச்சுட்டே போன மாட்டுக்கு டெஸ்ட் முடிவு வந்துருச்சுங்க

தாராபுரம் பக்கம் நம்ம தோட்டத்துல ஜெர்சி கலப்பு மாடு நல்லாத் தின்னும் இளைக்குது, கழிச்சல் நிக்கல, காசநோயா இருக்குமான்னு கேட்டிருந்தேனுங்க.

டாக்டர் கழுத்துல முடிய மழிச்சு ரெண்டு இடத்துல டியூபர்குலின்னு காசநோயைக் கண்டுபிடிக்கற ஊசி போட்டாருங்க. ஒண்ணு மாட்டுக் காசநோய்க் கிருமியோடது, இன்னொண்ணு பறவை வகையோடது. 72 மணி நேரம் கழிச்சு தோல் தடிப்பை அளந்தாரு. மாட்டு வகைத் தடிப்பு பறவை வகையை விட 4 மி.மீ.க்கு மேல கூடுதலா இருந்தாத்தான் காசநோய்னு கணக்காம். நம்ம மாட்டுக்குப் பறவைப் பக்கம்தான் வீங்குச்சு. சாணி சாம்பிள் நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குப் போச்சு. ஜோனிஸ் நோய்னு வந்திருக்குது. இந்த நோயோட கிருமி காசநோய்க் கிருமிக்குப் பங்காளிதான், பறவை வகையைச் சேர்ந்தது; அதான் அந்தப் பக்கம் வீங்கியிருக்குது. குடலைத் தடிக்க வெச்சு, தின்ன சத்து உடம்புல ஒட்டாமப் பண்ணிருது.

பூண்டு, வேப்பிலைன்னு நெறையப் பேரு சொன்னீங்க. இதக் குணமாக்க மருந்து இல்லீங்க. சாணி, சீம்பால் வழியா கன்னுக்குட்டிக்குத் தொத்தும். வெளிய தெரியறதுக்குள்ள வருசக்கணக்கு ஆயிரும். அதனால கன்னுகளை வேற கட்டுத்தரைக்கு மாத்தியாச்சு. அந்தச் சாணியைத் தீவனப்புல்லுக்குப் போடறதில்ல.

சந்தைக்கு ஓட்டிருன்னு மாமா சொல்றாரு. இன்னொருத்தர் கட்டுத்தரைக்கு நோயை வித்துக் காசு வாங்க எனக்கு மனசில்லீங்க. மத்த மாடுகளுக்கு அடுத்து ரத்தம் எடுக்கறாங்க.