பாம்பன் கடல் நிறம் ரெசினில் வருமா?

வணக்கம் மக்களே, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். கரையில் பொறுக்கிய சிப்பியும் மணலும் வைத்து எபாக்சி ரெசினில் (ஹார்டனர் கலந்ததும் கெட்டியாகிற திரவப் பிசின்) சாவிக்கொத்து, தட்டு செய்து பழகுகிறேன். (பவளத்துண்டு கிடந்தால் தொடுவதில்லை, சட்டப்படி தப்பு.)

பிரச்சினை கலரில்தான். பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தால் கரையோரம் பச்சை, தள்ளிப்போனால் நீலம், அடி மணலும் தெரியும் இல்லையா? அது வேண்டும். முதலில் வீட்டிலிருந்த அக்ரிலிக் பெயிண்டைத் தாராளமாகக் கலந்தேன். பால் ஊற்றியது போல மங்கி, இரண்டு நாள் கழித்தும் விரல் வைத்தால் ரேகை பதிந்தது. பெயிண்டில் இருக்கும் தண்ணீர் ரெசினுக்கு ஆகாதாம், அப்புறம்தான் தெரிந்தது. மைக்கா பவுடர் (அபிரகப் பொடி) மினுங்குகிறது, ஆனால் உள்ளிருக்கும் சிப்பியை மறைக்கிறது. ஆல்கஹால் இங்க் (ஆல்கஹாலில் கரைத்த சாயம்) கண்ணாடி மாதிரி அழகாக வந்தது. சந்தோஷப்பட்டு ஜன்னலோரம் வைத்தேன், மூன்று மாதத்தில் வெளுத்துவிட்டது!

அளவில் குறை இல்லை. டப்பாவில் எழுதியிருக்கிறபடி ரெசின் 2 பங்கு, ஹார்டனர் 1 பங்கு, கோப்பையில் அளந்துதான் ஊற்றுகிறேன். ஐப்பசி மழையில் ஊற்றியதில் மட்டும் மேலே மெழுகு போலப் படிந்தது, ஈரக்காற்றுதான் காரணம். சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடுகிறது.

தை மாதம் தங்கச்சி கல்யாணம், 12 தாம்பூலத் தட்டு செய்து தருவதாக வாய்விட்டுவிட்டேன். ஒளி ஊடுருவுகிற, வெயிலுக்கு வெளுக்காத பிக்மென்ட் பேஸ்ட் (நிறக் குழம்பு) எது? தட்டு 2 செ.மீ. தடிமன். சாதா ரெசினை ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி விரிசல் விடுகிறது. அடுக்கடுக்காக ஊற்றவா, தடிமனுக்கென்றே விற்கும் ரெசின் வாங்கவா? மதுரையில் சில்லறையாகக் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.