ஆங்கிலத்தில் ஒரு சொல், நொர்ஸ்க்கில் எந்தச் சொல்?

ஒஸ்லோவிலிருந்து:
செயலிகளில் வரும் ஆங்கில வரிகளை நொர்ஸ்க்குக்கு, அதாவது நோர்வே மொழிக்கு, மாற்றுவது என் வேலை. படம் இருக்காது; எக்ஸெல் தாளில் சொற்கள் மட்டும் வரிசையாக வரும். ஒருமுறை 'லெஃப்ட்' என்று ஒற்றைச் சொல் வந்தது. மேலும் கீழும் பொத்தான்களின் பெயர்கள் இருந்ததால் இடப்பக்கம் என்று எடுத்துக்கொண்டு 'வென்ஸ்த்ரெ' போட்டுவிட்டேன். அது கடைச் செயலி. சப்பாத்துப் படத்தின் கீழே '3 வென்ஸ்த்ரெ' என்று போய் நின்றது. மூன்று மீதம் இருக்கிறது என்பதற்கு '3 இயென்' என்றுதான் வந்திருக்க வேண்டும். (வென்ஸ்த்ரெ இங்கே 1884 இல் தொடங்கிய கட்சியின் பெயரும்கூட.) இப்போதெல்லாம் சொல் தனியாக வந்தால், எந்தத் திரையில் வருகிறது என்று கேட்காமல் தொடுவதில்லை. 'சேவ்' இன்னொன்று: கோப்புக்கு லாக்ரெ, காசுக்கு ஸ்பாரெ, உயிருக்கு ரெத்தெ. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பேர்கனிலிருந்து:
முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நொர்ஸ்க் படித்தது ஆங்கில அகராதியை வைத்து. 'திங்க்' என்பதற்கு அதில் நாலு சொல் இருந்தது. எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன். வந்த புதிதில், ஒரு பாட்டி மாத்திரை போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன் என்பதை 'சூனெஸ்' வைத்துச் சொன்னேன். தாதி கையில் இருந்ததை வைத்துவிட்டு, "நீ பார்த்தாயா, ஊகிக்கிறாயா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அப்படியென்றால் 'த்ரூர்' என்று சொல், நான் போய்ப் பார்க்கிறேன் என்றார். அப்புறம் இடைவேளையில் பொறுமையாக விளக்கினார். படம் பார்த்துவிட்டு நல்ல படம் என்றால் சூனெஸ். பார்க்காமலே நன்றாக இருக்கும் என்றால் த்ரூர். மனதில் யோசனை ஓடுவது தெங்கெ. மாத்திரை விஷயத்தில் இந்த வேறுபாடு ஒருவருடைய உடம்பைத் தொடுகிறது.

ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து:
எனக்கு ஆங்கிலத்தின் 'ஹிஸ்'தான் பெரிய சோதனை. தெரிந்தவர் ஒருவரின் விபத்து விவரத்தைக் காப்புறுதிக்காக மாற்றிக் கொடுத்தேன். நண்பரைப் பார்த்துவிட்டு 'ஹிஸ் கார்' எடுத்துப் போனார் என்று எழுதியிருந்தது. யாருடைய கார்? ஆங்கிலம் அதைச் சொல்லாமலே நகர்ந்துவிடும். நொர்ஸ்க் விடாது. ஓட்டியவருடையது என்றால் 'பீலென் சின்', மற்றவருடையது என்றால் 'பீலென் ஹான்ஸ்'. சின் என்று எழுதக் கை போய்விட்டது. ஆனாலும் மனம் கேட்காமல் தொலைபேசியில் கேட்டேன். நண்பருடைய காராம்!

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம்மிடம் 'தன் கார்', 'அவர் கார்' என்று இரண்டும் இருக்கின்றனவே. ஆங்கில வரியை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். 'தன்' வந்தால் சின், 'அவர்' வந்தால் ஹான்ஸ். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். "தன் கார் பழுதாகிவிட்டது என்று சொன்னார்" என்பதில் நமக்குத் 'தன்' வரும். நொர்ஸ்க்கில் அங்கே ஹான்ஸ்தான், ஏனென்றால் அந்த உள்வாக்கியத்தில் கார்தான் எழுவாய். சின் எழுவாயோடு ஒட்டாது. மற்றபடி இத்தனை வருடத்தில் இந்த வழி என்னைக் கைவிட்டதில்லை. எல்லாச் சொல்லுக்கும் தமிழ் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். விடை தெரியும், ஆளைத் தெரியும், நீச்சல் தெரியும் என்று நாம் ஒரே 'தெரியும்' வைத்திருக்கிறோம். அங்கே வீத்தெ, ஷென்னெ, குன்னெ என்று மூன்று.

ஸ்தவாங்கரிலிருந்து:
மேலே சொன்ன வழிக்கு ஒன்று சேர்க்கிறேன். வேலையிடத்துத் தோழி ஒருத்தி எழுதிய ஆங்கில இரங்கல் குறிப்பை நொர்ஸ்க்கில் எழுதித் தரச் சொன்னார்கள். 'கிராண்ட்மதர்' என்று இருந்தது. பொதுவாகப் 'பெஸ்தெமூர்' போட்டு முடித்திருக்கலாம், பிழையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு அம்மம்மாவா அப்பம்மாவா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்பாவின் அம்மா என்றாள். 'ஃபார்மூர்' என்று எழுதினேன். வாசித்துவிட்டு, வீட்டில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று சொல்லி அழுதாள்.